கத்தி அண்ணனின் இரும்பு அலமாரி: தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள்

பிறைக்காரன் | ஞாயிறு, இரவு 9:40

பினாங்கில் பட்டர்வொர்த், பிறை பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கத்தி அண்ணனைத் தெரியாமல் இருக்காது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சிவப்புத் தொப்பி, பழைய ஹோண்டா கப்சாய் மோட்டார், பின்னால் கட்டிய நீளமான தூண்டில் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஒரு நாளும் தூண்டில் இருந்ததில்லை. போன மாதம் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. பெயரைப் போட வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டார். தெரிந்தவர்களுக்குத் தொப்பியே போதும்.

நேற்று அண்ணி கூப்பிட்டு இரும்பு அலமாரிச் சாவியை என் கையில் கொடுத்தார். "நீயே பாரு தம்பி, எனக்கு அதைத் திறக்கவே மனசு வரல" என்றார். திறந்தேன். மொத்தம் 41 உருப்படி. மலாய்க் குத்துவாளான கிரிஸ் மட்டும் 17. கூர்க்கா குக்ரி 4, ஜப்பான் வாள் 2, குறுக்குப்பிடி வைத்த கட்டாரி 1. மற்றதெல்லாம் பாடேக், தும்போக் லாடா, கோலோக், பாராங் என்ற இந்தப் பக்கத்துக் கத்திகள், சில ஈட்டி முனைகள். மேல்தட்டில் வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு வளரி, எறிந்து தாக்கும் வளைதடி. துப்பாக்கி கிடையாது. அந்தப் பக்கமே போகமாட்டார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, அண்ணிக்கும் தெரியவில்லை. மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். மகள் ஜொகூரில், பிள்ளைகள் சின்னது, வீட்டில் வாள் வேண்டாம் என்கிறாள். ஒவ்வொன்றைப் பற்றியும் அண்ணன் யாரிடமாவது ஒரு கதை சொல்லியிருப்பார். உங்களிடம் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அட்டையில் எழுதி அந்தந்தக் கத்தியோடு கட்டி வைக்கிறேன்.

கோப்பி_ஓ | ஞாயிறு, இரவு 10:05

ஐயோ, போய்விட்டாரா? தீபாவளிக்குக்கூடப் பார்த்தேனே.

எங்கள் கோப்பிக் கடைக்கு வாரம் இரண்டு முறை வருவார். ஒரு தடவை பக்கத்து மேசையில் ஒருவர் கிரிஸ் விற்றுக்கொண்டிருந்தார். பளிங்கு மேசைமேல் கிரிஸை நுனியில் நிறுத்திக் காட்டினார். கத்தி தன்னால் நின்றது. உள்ளே புலி ஆவி இருக்கிறதாம், அதனால்தான் நிற்கிறதாம், இரண்டாயிரம் வெள்ளியாம் (ரிங்கிட்). கடையே எழுந்து போய்ப் பார்த்தது. அண்ணன் கோப்பியை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். "நான் ஒரு தடவை வைக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டு, தன் பெட்டியிலிருந்து ஒரு கிரிஸை எடுத்து அதே மேசையில் நிறுத்தினார். அதுவும் நின்றது. "நுனி தேஞ்சு தட்டையாயிருக்கு. எடை நேரா கீழ விழுது. இதுல புலியும் இல்ல, பூனையும் இல்ல" என்றார். விற்க வந்தவர் பொருளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

வேடிக்கை என்னவென்றால், ஆவி இல்லை என்று சொன்ன அதே ஆள், யாராவது கிரிஸைத் தாண்டிக் காலை வைத்தால் கத்துவார். நுனியை ஆளை நோக்கி நீட்டினால் கையைப் பிடித்துத் திருப்புவார். "ஆவிக்கு இல்லடா, செஞ்சவனுக்கு மரியாதை" என்பார்.

மரைக்காயர் பேரன் | ஞாயிறு, இரவு 11:20

பினாங்குத் தீவில் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் எங்கள் வாப்பாவுக்குப் பழைய நாணயக் கடை இருந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் முதல் படகைப் பிடித்து வந்துவிடுவார். மலாய் வியாபாரிகள் வைத்த பெயர் பாக்சிக் காராட், துரு மாமா. சட்டைப்பையில் எப்போதும் மூன்று பொருள் இருக்கும்: டார்ச், பூதக்கண்ணாடி, காந்தம்.

ஜப்பான் வாள் பார்ப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். எனக்கு அப்போது வயது 15. சந்தையில் யாரிடம் கேட்டாலும், தாத்தா ஜப்பானிய அதிகாரியிடம் 1945இல் பறித்தது என்பார்கள். பினாங்கில் இருந்த ஜப்பானியரைவிட இந்தத் தாத்தாக்கள் அதிகம். அண்ணன் அலகைப் பார்க்கவே மாட்டார். பிடியில் ஒரு சின்ன மூங்கில் ஆணி இருக்கும், அதைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று வரும். உள்ளே மறைந்திருக்கும் வால் பகுதியைத்தான் டார்ச் அடித்துப் பார்ப்பார். "அலகை எல்லாரும் துடைப்பான். வாலை யாரும் தொடமாட்டான். அதுதான் பொய் சொல்லாது." உண்மையான பழசு என்றால் வால் கருப்பும் பழுப்புமாக ஒரே சீராகத் துருப்பிடித்திருக்கும். நேற்று செய்தது என்றால் கிரைண்டர் கீறல் பளிச்சென்று தெரியும்.

சார்ஜெண்டுகளுக்குக் கொடுத்த வாள் வேறு வகை. தொழிற்சாலையில் செய்தது. அலுமினியத்தில் வார்த்த பிடி, நூல் சுற்றியதுபோல் வண்ணம் பூசியிருப்பார்கள். அலகில் எண் குத்தியிருக்கும். அதை மட்டமாக நினைப்பவர்கள் உண்டு. அண்ணனுக்கு அது பிடிக்கும். "இது நடிக்கல பாரு" என்பார்.

ஜெலுத்தோங்_ராணி | திங்கள், காலை 7:15

நான் அவருடைய கொழுந்தியாள். அத்தானைப் பற்றி எல்லாரும் புகழ்ந்து எழுதுவதைப் பார்த்தேன். அக்கா பட்ட பாட்டையும் யாராவது எழுத வேண்டும் அல்லவா?

வீட்டில் எலுமிச்சம்பழம் தங்காது. காலையில் சந்தையில் வாங்கி வந்த ஒரு கிலோ மத்தியானம் ரசத்துக்குத் தேடினால் இருக்காது. எல்லாம் குளியலறையில் ஒரு நீளமான பிளாஸ்டிக் தொட்டியில் மிதக்கும். முதலில் இளநீரில் ஊறவைப்பார், சில சமயம் அன்னாசிச் சாறு. துரு இளகியதும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்ப்பார். அப்புறம் எலுமிச்சைச் சாறு. அதற்குப் பிறகு பார்த்தால் இரும்பில் மழைத்தண்ணீர் ஓடிய மாதிரி வெள்ளைக் கோடுகள் எழும்பும். பாமோர் என்று பெயராம். இரண்டு வகை இரும்பை மடித்து மடித்து அடிப்பதால் வரும் கோடு, அதில் நிக்கல் கலந்தது வெள்ளையாகத் தெரியும் என்று எனக்கே பத்துத் தடவை விளக்கியிருக்கிறார். முறைப்படி எலுமிச்சைச் சாற்றோடு பாஷாணம் சேர்த்துப் பூசுவார்களாம், கோடு இன்னும் கருப்பும் வெள்ளையுமாகப் பிரியுமாம். அக்கா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்: "பாஷாணம் இந்த வாசப்படி ஏறினா நான் இறங்கிடுவேன்." அத்தோடு சரி. அலமாரியில் உள்ள எதிலும் பாஷாணம் இருக்காது என்று நம்புகிறேன். ஆனால் வாங்கும்போதே பூசியிருந்தால்? பிறைக்காரன் தம்பி, தொட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

ஆயுத பூஜைதான் அவருக்குத் தீபாவளி. பாய் விரித்து 41ஐயும் வரிசையாக அடுக்குவார். நடுவில் அக்காவின் அரிவாள்மனை, தேங்காய் துருவி, அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கத்தி. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சந்தனம், குங்குமம். அவருடைய மலாய் நண்பர் ஒருவர், பேராக்கிலிருந்து வருவார், அவரும் தன் குடும்பக் கிரிஸைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். பூஜைக்கு முன்பே அவருக்கு வடை தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும், படைத்ததைச் சாப்பிடமாட்டார். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து எண்ணெய் தடவிக்கொண்டே வடையைத் தின்பார்கள். கிரிஸெல்லாம் வடை வாசம் அடிக்கும்.

கோப்பி_ஓ | திங்கள், காலை 8:02

ராணி அக்கா, சிரித்து கோப்பியைக் கொட்டிவிட்டேன்.

சிலம்பம்77 | திங்கள், மதியம் 1:30

எல்லாரும் கிரிஸையும் ஜப்பான் வாளையும் பற்றியே பேசுகிறீர்கள். அலமாரியில் இருப்பதிலேயே பெரிய பொருள் மேல்தட்டில் இருக்கும் வளரிதான். அதைப் பற்றி அண்ணன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

1801 அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். அந்த ஆண்டு இறுதியிலேயே பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கும்பினி அறிவித்தது. வேல், வாள், வளரி எல்லாம் போயிற்று. உயிரோடு பிடித்தவர்களில் எழுபது பேருக்கு மேல் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். எங்கே? இங்கே, நம் பினாங்குக்கு. அப்போது இதன் பெயர் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு. அந்தக் கூட்டத்தில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் இருந்தான், சிறு பையன். மதராஸ் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1818இல் பினாங்குக்கு வந்தபோது அவனைப் பார்த்ததைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதே வெல்ஷுக்கு வேலெறியவும் வளரி வீசவும் சொல்லிக்கொடுத்ததே சின்ன மருதுதான். சொல்லிக்கொடுத்தவரின் மகனை இந்தத் தீவில் கைதியாகப் பார்த்திருக்கிறார். இதை அண்ணன் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

அவர்களை ஏற்றி வந்த கப்பலின் பெயர் அட்மிரல் நெல்சன். 1945 செப்டம்பர் 2ஆம் தேதி ஜப்பானியர் பினாங்கை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டது எச்எம்எஸ் நெல்சன் என்ற போர்க்கப்பலில். "ரெண்டு நெல்சனும் நம்ம வாசல்லதான்டா நங்கூரம் போட்டானுங்க" என்று படகுத்துறையைக் கை காட்டுவார்.

அலமாரியில் இருக்கும் வளரி அந்தக் கைதிகளில் ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது. என் சிலம்ப வகுப்புக்கு இரண்டு முறை கொண்டுவந்து காட்டினார். பிள்ளைகள் தொட்டுக் கும்பிட்டார்கள். இதைத் தயவுசெய்து யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

தைப்பிங்_டீச்சர் | திங்கள், மாலை 5:48

தம்பி, 1802 பற்றி நீங்கள் எழுதிய வரலாறு சரி. வளரி பற்றி எழுதியதில் எனக்குச் சந்தேகம். விலங்கு போட்டு ஏற்றிய கைதி கையில் ஆயுதம் எப்படி வரும்? ஊரிலேயே வளரி வைத்திருக்கக் கூடாது என்று பிடுங்கியவர்கள், கப்பலில் கொண்டுபோக விடுவார்களா?

இன்னொன்று. அண்ணன் என்னிடம் சொன்ன கதையே வேறு. பள்ளிக் கண்காட்சிக்காகக் கேட்டபோது, அது புதுக்கோட்டைப் பக்கத்து உறவினர் வீட்டுக் கல்யாண வளரி என்றார். அந்தப் பக்கத்துக் கள்ளர் குடும்பங்களில் சம்பந்தம் பேசும்போது வளரி மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. "வளரித்தடியை அனுப்பிப் பெண்ணை அழை" என்று ஒரு சொல்வழக்கும் உண்டு. அதோடு மலாய்க்காரர்களையும் இணைத்துப் பேசினார்: கிரிஸ் கைமாறும்போது விலை என்று சொல்லமாட்டார்கள், மாஹார் என்பார்கள், பரிசப் பணம். "பாத்தீங்களா டீச்சர், ரெண்டு பக்கமும் இரும்பும் பொண்ணும் ஒரே கணக்குதான்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் மன்னிப்பும் கேட்டார்.

கோப்பி_ஓ | திங்கள், மாலை 6:10

சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. என்னிடம் அது வளரியே இல்லை என்றார். பூமராங். பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலியர்கள் இருந்த காலத்தில் ஓர் ஆகாயப்படைக்காரன் குடித்த கணக்குக்குப் பதிலாகக் கடையில் விட்டுப்போனது, 1988இல் தளம் மலேசியா கைக்கு வந்தபோது யாரும் வந்து கேட்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன் என்றார்.

சிலம்பம்77 | திங்கள், மாலை 6:25

அப்படியென்றால் செத்துப்போனவரைப் பொய்யர் என்கிறீர்களா? 30 பிள்ளைகள் முன்னால் சொன்னார். நான் அந்தப் பிள்ளைகளிடம் இப்போது போய் என்ன சொல்வது?

மரைக்காயர் பேரன் | திங்கள், மாலை 6:51

தம்பி, கோபப்படாதீர்கள். சந்தையில் 30 வருடம் அவரைப் பார்த்திருக்கிறேன். கதையில் அவர் அளவு பார்க்கமாட்டார், உண்மை. தும்போக் லாடாவுக்கு மிளகு இடிப்பது என்றுதான் அர்த்தம். அதை வைத்து, ஒரு சுல்தான் சமையலறையில் ரசத்துக்கு மிளகு இடித்த கத்தி என்று ஒரு சுற்றுலாப் பயணியிடம் அரைமணி நேரம் அளந்தார். அவர் பர்ஸைத் திறந்ததும், "இல்லைங்க, இதைப் போன வாரம் அந்தக் கடையில 60 வெள்ளிக்கு வாங்கினேன், நீங்களும் அங்கேயே வாங்கிக்கங்க" என்று கை காட்டினார். அந்தக் கடைக்காரர் எங்கள் வாப்பா.

அண்ணன் ஒரு பொருளை விற்று நான் பார்த்ததே இல்லை. கதை மட்டும் இலவசம்.

பிறைக்காரன் | திங்கள், இரவு 10:30

இன்று வேலை முடிந்து போய் அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்த்தேன். பிஸ்கட் டின் ஒன்று. உள்ளே சிறிய 555 நோட்டுப் புத்தகங்கள், கடையில் கடன் எழுதுவோமே அதே நோட்டுதான். 14 இருக்கின்றன. கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. படித்துவிட்டு எழுதுகிறேன்.

கச்சேரி_குமாஸ்தா | செவ்வாய், காலை 9:05

நான் வக்கீல் இல்லை, வக்கீலிடம் வேலை பார்க்கிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன். பிறைக்காரன், அந்தக் கத்திகளைக் காரில் போட்டுக்கொண்டு இங்குமங்கும் அலையாதீர்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டது. தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். பழசு, பூஜை என்றெல்லாம் அப்புறம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். துப்பாக்கி இல்லை என்றீர்கள், நல்லது. இருந்திருந்தால் துருப்பிடித்ததாக இருந்தாலும் உடனே போலீஸிடம் போகச் சொல்லியிருப்பேன், 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விளையாட்டு இல்லை. மகன் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பச் சொன்னால் அவசரப்படாதீர்கள். பாரம்பரியப் பொருளை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப 2005ஆம் ஆண்டு தேசிய மரபுரிமைச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

கோப்பி_ஓ | செவ்வாய், காலை 9:40

குமாஸ்தா அண்ணே, அண்ணன் ஒரு தடவை சாலைத் தடுப்பில் மாட்டினார். பெட்டிக்குப் பூட்டு, உள்ளே ரசீது, எல்லாம் பக்காவாக வைத்திருந்தார். மாட்டியது வாயால். கிரிஸின் அடியில் குறுக்காக ஒரு துண்டு இரும்பு இருக்கும், அதற்கு மலாயில் கஞ்சா என்றுதான் பெயர். டார்ச் அடித்துப் பார்த்த இளம் போலீஸ்காரரிடம் இவர் பெருமையாக, "கஞ்சா நல்ல கஞ்சா சார், தனியா செஞ்சு பொருத்தினது" என்று மலாயில் சொல்லியிருக்கிறார். மோட்டாரின் இருக்கையைக்கூடக் கழற்றிப் பார்த்தார்களாம். கடைசியில் ஒரு வயதான சார்ஜெண்ட் வந்து சிரித்துவிட்டுத் தன் தாத்தா கிரிஸைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அண்ணன் வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு.

ஜெலுத்தோங்_ராணி | செவ்வாய், காலை 10:12

மணி மூன்று. கதவைத் திறந்தது நான்தான்.

தைப்பிங்_டீச்சர் | செவ்வாய், பிற்பகல் 3:20

என் யோசனையைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பேராக் அருங்காட்சியகம் இருக்கிறது. 1883இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. ஆயுதக் கண்ணாடிப் பேழைகள் உண்டு. அண்ணன் தைப்பிங் வந்தால் முதலில் அங்கே போவார், அப்புறம்தான் எங்கள் வீட்டுக்கு. கிரிஸ் பிடியில் ஜாவா டெமாம் என்று ஒரு வகை உண்டு. காய்ச்சலில் நடுங்கும் ஜாவாக்காரன் என்று அர்த்தம். கையைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் உருவம். பேழை முன்னால் நின்று அதே மாதிரி தோளைக் குறுக்கி, தலையைச் சாய்த்து என் மாணவர்களுக்கு நடித்துக் காட்டினார். காவலாளி வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

ஆனால் எந்த அருங்காட்சியகமும் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளாது. எங்கே, யாரிடம், எப்போது வாங்கியது என்று கேட்பார்கள். ஆவிக் கதை உதவாது. அந்த 555 நோட்டில் ஏதாவது இருக்கிறதா?

பாகான்_அஜாம் | செவ்வாய், இரவு 8:15

இந்த இழையை என் மனைவி காட்டினார். மேல்தட்டில் இருக்கும் வளரி சுமார் ஒன்றரை முழம், ஒரு முனை கனத்து, கைப்பிடி முனையில் ஒரு குமிழ் இருக்கிறதா? இருந்தால் அதைச் செய்தது எங்கள் அப்பா. தச்சு வேலை செய்தவர். சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் காகிதத்தில் வரைந்து கொண்டுவந்தார். படகு கட்ட வாங்கிய செங்கால் மரத்தில் மிச்சம் கிடந்த துண்டு அது. இரண்டு பேரும் மூன்று நாள் உட்கார்ந்து இழைத்தார்கள். நான்காம் நாள் திடலில் எறிந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு வாழை மரம் விழுந்தது, அதற்குத் தனியாகப் பணம் கொடுத்தார்.

யாரையும் சங்கடப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. சிலம்ப மாஸ்டர் மன்னிக்க வேண்டும்.

பிறைக்காரன் | செவ்வாய், இரவு 11:55

பாகான் அஜாம் அண்ணே, குமிழ் இருக்கிறது. நோட்டிலும் இருக்கிறது. 14 நோட்டையும் படித்து முடித்தேன்.

ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். இடது பக்கத் தலைப்பு "விற்றவன் சொன்னது". வலது பக்கம் "நான் பார்த்தது". சிலவற்றை அப்படியே தருகிறேன்.

கிரிஸ் 9. இடது: "பேராக்கில் பெரிய குடும்பம். 300 வருடம். வெள்ளிக்கிழமை ராத்திரி உறைக்குள் ஆடும்." வலது: "மதுரா தீவில் செய்து அனுப்புவது. 20 வருடம்கூட ஆகாது. அமிலத்தில் போட்டு வயசு ஏற்றியிருக்கிறார்கள். லோக் (அலகின் வளைவு) 11, எண்ணிக்கை ஒற்றைப்படை, அதுவாவது சரி. ஆடியது எலி. 180 வெள்ளி. உறை மட்டும் நல்ல மரம்."

கிரிஸ் 3. இடது: "ஒன்றும் சொல்லவில்லை. மகளுக்குப் பள்ளிக்கட்டணம் கட்ட விற்கிறார்." வலது: "பழசு, நல்ல பழசு. அவர் கேட்டது 250. 600 கொடுத்தேன். மகள் படிப்பு முடிந்ததும் திரும்பக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும்." கீழே வேறு மையில்: "கேட்கவில்லை. விசாரித்தேன், வீடு மாறிவிட்டார்கள்."

கட்டாரி. இடது: "தஞ்சாவூர் அரண்மனை." வலது: "பிடி பழசு. அலகு ஐரோப்பிய வாளை வெட்டி ஆணியடித்தது. அந்தக் காலத்திலேயே அப்படிச் செய்ததுண்டு. தஞ்சாவூர் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆசை இருக்கிறது, ஆதாரம் இல்லை."

ஜப்பான் வாள் 1. வலது: "எண் சரி. அலுமினியப் பிடி சரி. 1935க்குப் பிறகு வந்த மாதிரி. தேய்க்காதே." ஜப்பான் வாள் 2. வலது: "போலி. வாலைப் பார்க்காமல் வாங்கினேன், மழை வந்துவிட்டது. 900 வெள்ளி. வீட்டில் சொல்லாதே."

வளரி. இடது பக்கத் தலைப்பை அடித்துவிட்டு "நான் சொன்னது" என்று மாற்றியிருக்கிறார். கீழே: "சிலம்பத் தம்பிக்கு 1802. டீச்சருக்குக் கல்யாணம். கோப்பிக் கடையில் ஆஸ்திரேலியாக்காரன். மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்." வலது: "செங்கால். 1994. தச்சர் கூலி 40, வாழை மரம் 15. எறிந்தால் திரும்பி வரவில்லை. வளரி திரும்பி வரவும் வேண்டாம், மானுக்குப் போட்டது மானிடம் போனால் போதும். அசல் ஒன்று வாங்க வசதியில்லை, கிடைக்கவும் இல்லை. யாராவது விலை கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டவும்."

ஜெலுத்தோங்_ராணி | புதன், காலை 6:50

900 வெள்ளி விஷயம் அக்காவுக்கு அன்றைக்கே தெரியும். அவர் மறைத்து வைத்த இடம் அரிசி டின்.

சிலம்பம்77 | புதன், மதியம் 12:40

நேற்று இரவு படித்துவிட்டு உடனே பதில் எழுத மனம் வரவில்லை. கோபம் இருந்தது. பாதி அவர்மேல், பாதி என்மேல். கைதி கையில் வளரி எப்படி வரும் என்று நானே ஒரு தடவைகூட யோசிக்கவில்லையே.

வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். வளரி பட்டர்வொர்த்தில் செய்தது, துரைசாமி வந்தது உண்மை என்று இரண்டையும் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "அப்போ நாமும் ஒண்ணு செய்யலாமா மாஸ்டர்?" என்றான். பாகான் அஜாம் அண்ணே, அண்ணன் வரைந்து கொடுத்த காகிதம் இன்னும் இருக்கிறதா?

பாகான்_அஜாம் | புதன், மாலை 7:30

அப்பா இல்லை. காகிதமும் இல்லை. ஆனால் செங்கால் கொஞ்சம் கிடக்கிறது, இழைப்புளியும் இருக்கிறது. அசலைப் பக்கத்தில் வைத்து அளவெடுத்தால் செய்துவிடலாம். வாழை மரம் இல்லாத இடமாகப் பாருங்கள்.

பிறைக்காரன் | புதன், இரவு 9:20

அண்ணியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். முடிவு இது. கிரிஸ் 3ஐ யாருக்கும் கொடுப்பதில்லை. அந்தக் குடும்பத்தைத் தேடுகிறோம். மரைக்காயர் பாய் சந்தையில் விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல பழசு என்று அண்ணனே எழுதிய ஏழு பொருளை, நோட்டின் நகலோடு அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்கலாம். டீச்சர் கடிதம் எழுதித் தருகிறார். குமாஸ்தா சொன்னபடி, அவர்கள் பதில் வரும்வரை ஒன்றும் வீட்டைவிட்டு நகராது. வளரி சிலம்ப வகுப்புக்கு. போலி வாளை அண்ணி தன்னிடமே வைத்துக்கொள்கிறாராம், ஏன் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவசரம் வேறு. மூன்று மாதமாக யாரும் எண்ணெய் போடவில்லை. நம் ஊர் ஈரத்தில் இரண்டு கிரிஸ் ஏற்கெனவே சிவக்க ஆரம்பித்துவிட்டது. வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வீட்டில் கூடுகிறோம். பழைய பருத்தி பனியன் துணி கொண்டுவாருங்கள். டபிள்யூடி-40 ஸ்ப்ரே கொண்டுவராதீர்கள், பிராசோ பாலிஷ் கொண்டுவருகிறவரை அண்ணி வாசலிலேயே நிறுத்திவிடுவார். பேராக் பாக்சிக்கும் வருகிறார்.

கோப்பி_ஓ | புதன், இரவு 9:34

எலுமிச்சை எத்தனை கிலோ?

ஜெலுத்தோங்_ராணி | புதன், இரவு 9:41

அக்கா மூன்று கிலோ என்கிறார். ரசத்துக்குத் தனியாக அரைக் கிலோ, அதை என் கையில் கொடுங்கள்.